தறிக்கல்லுக்கு அடியில் உப்பிய போன்

நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறோம். அப்பா பட்டு நெய்கிறார். வீட்டில் முதலில் படித்தவன் நான்.

சென்ற மாதம் என் பழைய போனின் பின்மூடி விலகியது. புதுசு வாங்க மனமில்லாமல் நானே பசை தடவினேன். பசை பிடிப்பதற்காக, தறியில் பாரத்துக்குக் கட்டும் கல் ஒன்றை அதன்மேல் ஏற்றி, தறிக்கு அருகிலேயே வைத்தேன். தறியில் முக்கால்வாசி நெய்த கல்யாணச் சேலை.

சற்று நேரத்தில் அப்பா கையை நிறுத்தினார். "இன்னாடா, நெயில் பாலீஷ் வாசனை வருது?"

குனிந்தேன். கல் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. அடியில் உஸ்ஸென்று சத்தம்.

"பட்டு பக்கத்துல இருக்குதுடா, எட்த்துக்கினு ஓடு."

போனை இரும்புச் சட்டியில் தள்ளி, தெருவில் கிடந்த மணலில் கவிழ்த்தேன். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை.

மறுநாள் செல்போன் பழுது பார்ப்பவர் திறந்து பார்த்தார். "பேட்டரி உப்பித்தாம்பா மூடியைத் தூக்கியிருக்குது. அதும்மேல கல்லையா வச்ச? படிச்ச புள்ளதானே நீ?"

பேட்டரியை மட்டும் மாற்றித் தந்தார். இதை அந்தப் போனில்தான் எழுதுகிறேன்.

இனி மூடி லேசாக விலகினாலே போனை அணைத்து, சார்ஜ் போடாமல் அவரிடம் கொண்டுபோவேன். பழைய பேட்டரியையும் குப்பையில் போடாமல் அவரிடமே கொடுப்பேன். கல்லை அப்பா தறியிலேயே கட்டிவிட்டார்.