இரண்டாவது குடம்

சென்ற வாரம்வரை அத்தையின் பச்சை பிளாஸ்டிக் குடம் சமையலறை மூலையில் கவிழ்ந்தே கிடந்தது. கழுத்தருகே விட்ட விரிசலை, அடுப்பில் காய்ச்சிய கரண்டியால் உருக்கி ஒட்டிய தழும்பு அதில் இன்னும் இருக்கிறது. அப்பாவின் அக்காவான அவர் இறந்தபின், நல்லம்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள அவருடைய இந்த வீட்டில் நான் தனியாக இருந்து தருமபுரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன்.

நான் கல்லூரியில் படித்தபோது இதே தெருவில் வேறு வீட்டில் பெற்றோரோடு இருந்தேன். அப்போது தெருவுக்கு ஒரே ஓர் ஆழ்துளைக் கிணறுதான். அதைத் தோண்டிய நாளில் வீடுகள் சொற்பம். பிறகு அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்தார்கள்; பாகத்துக்கொரு வீடு எழுந்தது; வீட்டுக்கு வீடு தொட்டில் ஆடியது. கிணறு மட்டும் பழைய அளவிலேயே ஊறியது. ஒரு கோடையில் அதுவும் நின்று, லாரித் தண்ணீர் வரத் தொடங்கியது. சண்டைகளுக்குப் பின் தெரு கூடி ஒரு விதி செய்தது: தலைக்கு ஒரு குடம், கைக்குழந்தையானாலும். அது நியாயமான விதி என்றே இன்றும் நினைக்கிறேன்.

லாரிக்காரர் குழாயைப் பிடித்தபடி ஒவ்வொருவரிடமும் கேட்பார்: “வூட்டுல எத்தன பேருங்க?”

கணவரை இழந்து தனியாக இருந்த அத்தை, “ரெண்டு பேருங்க” என்பார். ஆரஞ்சுக் குடம் அவருக்கு. பச்சைக் குடம், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் தகவலே இல்லாமல்போன மகனுக்கு. வெகுநாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்வீட்டு மருமகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்த வாரம், லாரி பாதித் தண்ணீரோடு வந்தது. அவளுடைய மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

“ஏங்க்கா, உங்க மவன் பெங்களூர்ல காவேரித் தண்ணி குடிக்கிறான். அவனுக்கு இங்க என்னாத்துக்குக் கொடம்?”

வரிசை சிரித்தது.

“வந்து நின்னா மொகங் கழுவ ஒரு சொம்பு தண்ணி வேணாமா?” என்றார் அத்தை.

“நானே மொண்டு தரேன். மொதல்ல அவன் வரட்டும்!”

அந்த அம்மாளையும் குறைசொல்ல முடியாது. பிள்ளை பெற்றவள் உள்ளே குளிக்கத் தண்ணீரின்றிக் கிடந்தாள். எங்கள் வீட்டுக் குடங்களோடு நான் அத்தைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அத்தையின் முறை வந்தது. லாரிக்காரர் வழக்கம்போலக் கேட்டார். அத்தை ஆரஞ்சுக் குடத்தை மட்டும் குழாயின் கீழே வைத்தார்.

“ஒருத்திதாங்க.”

பச்சைக் குடத்தைக் காலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் அவர் மகனின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை, மகன் வரவுமில்லை. போதாத தண்ணீரை எவ்வளவு நேர்மையாகப் பங்கிட்டாலும், புதிதாகப் பிறந்தவர்களுக்காக யாரோ ஒருவர் தம் காத்திருப்பை விட்டுக்கொடுக்க நேர்கிறது. அந்த இழப்பு எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வருவதில்லை.

இப்போது அதே காவிரித் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வருகிறது. எதிர்வீட்டுக்காரர்கள் பிழைப்புக்காக ஓசூருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. சென்ற வாரம் கணக்கெடுக்க வந்த ஒரு பெண், வாசலில் நின்றபடி என்னிடம் கேட்டார்.

“வூட்டுல எத்தன பேருங்க?”

நான் ஒருமுறை சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“ஒருத்திதாங்க.”

அவர் போனபின் பச்சைக் குடத்தை நிமிர்த்திக் குழாயின் கீழே வைத்தேன். அது நிரம்பும் ஓசை வீடு முழுவதும் கேட்டது.