கூரை மட்டுமே உள்ள வீட்டுக்கு ஒரு கிரில்

மகள் தான் கட்டப்போகிற வீட்டின் வரைபடத்தைக் கைப்பேசியில் அனுப்பியதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சரிந்த கூரை, உச்சியில் ஒன்றோடொன்று முட்டி, கீழே தரை வரைக்கும் இறங்கி நின்றது. அவ்வளவுதான் வீடு. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

“என்னம்மா இது? கூரைய போட்டுட்டு சுவர மறந்துட்டாங்களா?”

“பக்கத்துல சுவரே கிடையாதுப்பா, முன்னாலயும் பின்னாலயும் மட்டுந்தான். இங்க பனி கொட்டும். இப்படி இருந்தாத்தான் கூரைல நிக்காம சறுக்கிட்டுப் போகும் லா.”

அவள் ஜப்பானின் வடக்கே, ஹொக்கைடோவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரி. முப்பத்தொரு வயது. கல்யாணம் வேண்டாம் என்றாள், சரி என்றேன். எங்கள் ஊர் கிள்ளானுக்குத் திரும்பி வரமாட்டேன் என்றாள், அதற்கும் தலையாட்டினேன். காட்டோரத்தில் தனியாக ஒரு சின்ன வீடு கட்டப்போகிறேன் என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியில், “கிரில் மட்டும் வேணாம்பா, ப்ளீஸ்” என்றபோதுதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாசலுக்கு இரும்புக் கிரில் செய்கிறவன். கிள்ளானிலேயே முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் வரிசையில் பாதி வீட்டு வாசலில் நிற்பது என் கைவேலை. பெற்ற மகள் வீட்டுக்கு இல்லையென்றால் அப்புறம் என்ன வேலை இது!

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, ஒரு மத்தியானம், மூன்று பேர் எங்கள் வீட்டு வாசல் வழியாகவே நுழைந்தார்கள். பாராங் கத்தியை என் மனைவியின் கழுத்தில் வைத்துத் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து பிள்ளை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நான் ஓடி வந்ததும் முதலில் அவளிடம்தான் பாய்ந்தேன். “கிரில ஏண்டி பூட்டல?” பூட்டினேன் பூட்டினேன் என்று அழுதாள். நான் விடவில்லை. நாலாவது தடவை கேட்டபோது, “மறந்துட்டேன்பா” என்றாள்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பூட்டு என் வேனில் கிடந்தது. அன்றைக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்த நான்தான் கடைசியாக வெளியே போயிருக்கிறேன். ஏதோ அவசரத்தில் பூட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அதைப் பட்டறை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருபது வருடம் ஓடிப்போனது.

ஜூலையில் நானும் மனைவியும் வீடு கட்டப் போனோம். பக்கத்தில் குடியிருந்த ஜப்பானியத் தச்சர்தான் வேலைக்குத் தலைவர். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. கை, கால், சிரிப்பு, அவ்வளவுதான் பேச்சு. தூண் நிறுத்த என் நெஞ்சு ஆழத்துக்குக் குழி தோண்டச் சொன்னார். இத்தனூண்டு வீட்டுக்கா என்று எரிச்சல்பட்டேன். மகள்தான் விளக்கினாள்: குளிரில் மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து உப்புமாம், ஆழம் போதாவிட்டால் வீட்டையே தூக்கிவிடுமாம். மண்ணுக்கு அவ்வளவு பலமா! அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு தோண்டினேன்.

தரைப்பலகை போட்டு, அதன் மேல் ஒவ்வொரு சட்டத்தையும் படுக்க வைத்தே பூட்டினோம். பெரிய மரங்கள் இரண்டு, நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. முதல் சட்டத்துக்கு மனைவி மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள். தச்சர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து நின்றார். பிறகு கயிறு கட்டி எல்லாரும் இழுத்தோம். கிடந்த மரம் மெல்ல எழுந்து வானத்தில் முனையோடு நின்றபோது என் கை ரோமமெல்லாம் நட்டுக்கொண்டது. எத்தனையோ கட்டடங்களுக்கு இரும்பு அடித்திருக்கிறேன். ஒரு வீடு படுக்கையிலிருந்து எழுந்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மகள் கயிற்றை விடாமல், “ஆத்தாடி!” என்று கத்தினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது.

அப்போது அவள் ஒரு வாடகை அறையில் இருந்தாள். தினமும் கதவைப் பூட்டிவிட்டு நாலடி நடப்பாள், திரும்பி வந்து குமிழைப் பிடித்து இழுப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த ஊரில் பாதிப் பேர் கதவையே பூட்டுவதில்லை. “பாத்தியா, என் வளர்ப்பு” என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

கிரில் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிள்ளானுக்குத் திரும்பினேன். ஆனால் காட்டோரத்தில் அவள் தனியாக இருக்கிறாளே. யாருக்கும் தெரியாமல் எட்டுத் துண்டாகக் கழற்றி மாட்டும்படி ஒரு கிரில் அடித்தேன். நடுவில் ஒரு செம்பருத்திப் பூ. முறுக்கு டின்களுக்கு நடுவே பெட்டியில் அடுக்கினேன். ஜனவரியில், தைப்பூசத்துக்குக்கூட நிற்காமல், இரண்டு பேரும் மறுபடி கிளம்பினோம்.

பனியைப் பற்றி நான் என்ன எழுதுவது? விமான நிலையத்தைத் தாண்டியதும் உலகத்தில் வேறு நிறமே இல்லை. மரத்துக்கு மேல் பனி, வேலிக்கு மேல் பனி, தபால் பெட்டி இருந்த இடத்தில் ஒரு மேடு. எங்கள் வீடு அதற்கு நடுவில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. கூரையிலிருந்து ஒரு பாளம் சறுக்கி ‘தொம்’ என்று விழுந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் என் மூச்சு எனக்கே கேட்டது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கோயிலுக்குள்ள வந்த மாதிரி இருக்குங்க” என்றாள்.

மறுநாள் மகள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, கதவுக்கு வெளியே கிரிலை மாட்டினேன். கதவு உள்பக்கம் திறக்கும், கிரில் வெளிப்பக்கம் திறக்கும். கிள்ளானில் அப்படித்தான். திருடன் கழற்றிவிடக் கூடாதே என்று, ஒருமுறை முடுக்கினால் திரும்பக் கழலாத திருகாணியாகப் போட்டேன். அந்தப் பக்கம் வந்த தச்சர் பார்த்துவிட்டுத் தரையிலிருந்து தன் நெஞ்சு வரை கையை உயர்த்திக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் குறுக்கே வைத்துத் தலையை ஆட்டினார். “ஓகே, ஓகே, பாஸ்” என்று அனுப்பிவைத்தேன். பனி என்றால் என்ன, ஐஸ் கச்சாங் மாதிரி துருவின ஐஸ்தானே, ஓர் உதை விட்டால் போகிறது என்பது என் கணக்கு.

சாயங்காலம் வந்த மகள் கிரிலைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “காலைல கழட்டிடுங்கப்பா” என்றாள், அவ்வளவுதான். கழற்ற முடியாது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் உள்ளே வந்து கிரிலைப் பூட்டி மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். கதவைப் பூட்டி அதையும் மூன்று தடவை இழுத்தாள்.

காலையில் ஹீட்டர் கீச் கீச்சென்று கத்தி நின்றுபோனது. “வெளிச்சுவர்ல இருக்கற புகைக்குழாய பனி மூடிடுச்சி. உடனே எடுக்கணும், இல்லன்னா உள்ளயே உறைஞ்சிடுவோம்” என்று சொல்லிக்கொண்டே மகள் கதவை உள்ளே இழுத்தாள்.

அலாமாக்! வாசல் இல்லை. என் நெஞ்சு உயரத்துக்கு வெள்ளைச் சுவர். கம்பிகளுக்கு நடுவே பனி பிதுங்கி நின்றது. நான் வளைத்த செம்பருத்தியின் ஒவ்வோர் இதழிலும் பனி. அவ்வளவு அழகாக என் வேலையை நான் பார்த்ததே இல்லை. பூட்டைத் திறந்து தோளைக் கொடுத்துத் தள்ளினேன். உதைத்தேன். முட்டினேன். ஓர் அங்குலம் அசையவில்லை. ஒரே ராத்திரியில், சத்தமே போடாமல் வானத்திலிருந்து இறங்கிய பனி, என் முப்பது வருட இரும்பைப் பிடித்து நிறுத்திவிட்டது.

“தள்ளாதீங்கப்பா, முடியாது.” மகள் வீட்டுக்குள் வைத்திருந்த மண்வாரியை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏறினாள். அங்கே முக்கோணச் சுவரில் ஒரு ஜன்னல். விமானத்தில் பெட்டியின் எடை கூடிவிடும் என்பதால் மட்டுமே அதற்கு நான் கிரில் போடவில்லை. அது வழியாக வெளியே குதித்தாள். இடுப்பு வரை புதைந்தாள். முதலில் புகைக்குழாயைச் சுரண்டி விட்டாள், பிறகு வாசல் பக்கம் வந்து தோண்டினாள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் குல்லா தெரிந்தது, பிறகு கண், பிறகு மூச்சிரைக்கிற வாய். பின்னால் மனைவி இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்த வார்த்தை எப்படி வந்ததென்று தெரியவில்லை, வந்துவிட்டது.

“அன்னைக்குக் கிள்ளான்ல கிரில பூட்டாம போனது நான்தான்மா. நீ பூட்டித்தான் இருந்த. பூட்டு என் வேன்ல கெடந்துச்சி.”

மண்வாரி நின்றது. முதலில் பேசியது கம்பளிக்குள் இருந்த மனைவிதான். “இதச் சொல்றதுக்கு இவ்ளோ பனி விழ வேண்டியிருந்துச்சா?”

மகள் என்னைப் பார்க்கவில்லை. கம்பியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டே பேசினாள். “இருபது வருஷமா ஒவ்வொரு கதவையும் மூணு தடவை இழுத்துப் பாக்கறேன்பா. இழுத்துப் பாக்க இன்னொண்ணு வேணாம்னுதான் கிரில் வேணாம்னேன்.”

மன்னிச்சிடும்மா என்றேன். கம்பிக்கு வெளியே அவளும் உள்ளே நானும் அழுதோம். பிறகு இன்னும் நாலு வாரி வாரினாள். கிரில் ஒரு சாண் திறந்தது. அந்த இடைவெளியில் மண்வாரியை உள்ளே நீட்டினாள்.

“மீதிய நீங்க எடுங்க.”

எடுத்தேன். ஐஸ் கச்சாங்காம்! ஒவ்வொரு வாரிக்கும் இடுப்பு கழன்றது. மத்தியானம் தச்சர் அறுக்கிற மெஷினோடு வந்தார், சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். திருகாணித் தலைகளை நானே அறுத்து, கிரிலைக் கழற்றி வைத்தேன்.

மறுநாள் காலை மகள் வேலைக்குக் கிளம்பினாள். கதவைச் சாத்திப் பூட்டுகிற சத்தம் கேட்டது. நான் பரண் ஜன்னலில் நின்று பார்த்தேன். புதுப் பனியில் அவள் காலடி மட்டும் ஒரே வரிசையாக நீண்டுகொண்டு போனது. பாதி வழியில் நின்றாள். திரும்பி வந்து இழுத்துப் பார்க்கப்போகிறாள் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.