பவர் பட்டனை மறைத்து நின்றவள்

அந்த ஸ்கேன் சென்டரில் அவளை எல்லோரும் ‘சர்வரக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எடுக்கிற ஸ்கேன் படங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் பழைய சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரு அறை. உள்ளே ஒரு ஸ்டூல், நடுங்கவைக்கும் ஏசி, ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் அந்த இயந்திரம்.

டைப் அடிக்கத்தான் முதலில் வந்தாள். சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, “வேற ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்கம்மா” என்று சாவியைக் கையில் கொடுத்தார்கள். ஆள் வரவேயில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து படித்து, அந்த ஆளாக அவளே ஆகிவிட்டாள். “பொம்பளைக்கு எதுக்குடி ஸ்க்ரூ டிரைவர்?” என்று மாமியார் கேட்டபோது, “உங்க தையல் மெஷினைப் பிரிக்கத்தான் அத்தை” என்றாள். பிரித்தாள், மாட்டினாள். தையல் மெஷின் ஓடியது, பேச்சு நின்றது.

இப்போது மல்லுக்கட்டு மேனேஜரோடு. படம் திறக்க நேரமாகிறது என்று டாக்டர் மவுஸைத் தூக்கி எறியாத குறை.

“இது செத்த பாம்பு. இன்னும் எத்தனை தடவை அடிக்கிறது?” என்றார் மேனேஜர். “எல்லாத்தையும் வெளி கம்பெனிகிட்ட கொடுத்துடலாம். நீங்க டோக்கன் கவுண்டர்ல உக்காந்துக்கங்க. நிம்மதியா இருக்கும்.”

“எனக்கு நிம்மதி வேணும்னு உங்ககிட்ட கேட்டேனா சார்?”

சர்வரின் மூடியைத் தட்டிக் காட்டினாள்.

“டிஸ்க் நல்லா இருக்கு. மெமரிதான் போதல. படமெல்லாம் பெரிசாயிடுச்சு, விரிச்சுப் பாக்குற மேசை மட்டும் அதே மேசை. மெமரியைக் கூட்டினா ஓடும்.”

“சரி. ஞாயித்துக்கெழமை செய்யுங்க. சாயந்திரம் டாக்டர் வர்றப்ப மெஷின் எந்திரிக்கலேன்னா, மறுநாளே நீங்க கவுண்டர்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் சென்டரில் அவளும் மேனேஜரும் மட்டும்தான். மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைக் கழற்றி, உடம்பில் நிற்கும் மின்சாரம் போவதற்காக இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டாள். புதிய மெமரி ஸ்டிக்குகளைக் காலி இடங்களில் அழுத்தினாள். இரண்டு ஓரத்திலும் ஸ்டிக்கைப் பிடிக்கும் காது போன்ற கொக்கி ‘டக்’ என்று மூடிக்கொண்டது. பழையவற்றை எடுக்கவில்லை. இருப்பதையும் விடாமல் புதியதையும் சேர்த்தால் இன்னும் கூடுமே என்ற ஆசை.

பட்டனை அமுக்கினாள். மஞ்சள் விளக்கு. ஒப்பாரி போல ஒரு பீப்.

“நான்தான் சொன்னேனே” என்ற மேனேஜர் குரலில் லேசாகச் சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து, வேன் ஓட்டும் கணவன் போனில் வந்தான். “சாப்பிட்டியா?”

“இல்ல.”

“உன் மெஷின் சாப்பிட்டுச்சா?”

“ஊட்டினேன். துப்பிடுச்சு.”

“நம்ம பொண்ணும்தான் துப்பினா. நீ விட்டியா?”

சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு ஸ்டிக்குகளைத் திருப்பிப் பார்த்தாள். பழையது ஒரு வகை, புதியது வேறொரு வகை. இரண்டும் ஒரே பலகையில் சேராது. பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

“தப்பு என்னோடதுதான் சார்” என்றாள்.

“அப்ப பழசையே மாட்டி மூடுங்க.”

“மாட்ட மாட்டேன்.”

பழையவற்றை ஒன்று விடாமல் பிடுங்கி எடுத்தாள். புதியவற்றை மட்டும், மூடியின் உள்பக்கம் வரைந்திருந்த படத்தில் உள்ள வரிசைப்படி, ஜோடி ஜோடியாகப் பொருத்தினாள். மீண்டும் பட்டன். இந்தத் தடவை பீப் இல்லை. விசிறிகள் மட்டும் அறையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல் கத்தின. திரை இருட்டு. இருட்டாகவே கிடந்தது.

மேனேஜர் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. பட்டனை அமுக்கி அணைக்கக் கையை நீட்டினார். அவள் குறுக்கே போய் இயந்திரத்துக்கு முதுகு கொடுத்து நின்றாள்.

“தள்ளும்மா, தொங்கிடுச்சு.”

“தொங்கல. புது மெமரியை ஒவ்வொரு மூலையா தடவிப் பாத்துட்டுத்தான் கண்ணைத் தெறக்கும். பாதியில அமுக்கினா மறுபடி மொதல்லேர்ந்து.”

“எந்திரிச்சுடும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. பாதியில கொல்லக் கூடாதுன்னு தெரியும்.”

வெளியே டாக்டரின் கார்க் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இரும்பு அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வில் அவள் உடம்பும் சேர்ந்து நடுங்கியது. நகரவில்லை.

அப்புறம் விசிறிகளின் கத்தல் மெல்ல இறங்கியது. மேனேஜரின் மூக்குக் கண்ணாடியில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் திரும்பினாள். திரையில் எழுத்துகள் ஓடின. புதிய மெமரி முழுசாக இருந்தது.

டாக்டர் தன் அறையில் ஒரு படத்தைத் திறந்தார். இன்னொன்று, மற்றொன்று. “என்னங்க, புதுசு வாங்கிட்டீங்களா?” என்று அங்கிருந்தே கத்தினார்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சரிம்மா, இன்னிக்கு ஓடுது. எத்தனை நாளைக்கு?”

“ஓடுற வரைக்கும் ஓட்டுவேன். இதுக்கு இனிமே முடியாதுன்னா நானே வந்து சொல்லுவேன். அதுவரைக்கும் டோக்கன் கவுண்டருக்கு வேற ஆளைப் பாருங்க.”

மூடியை எடுத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்க ஆரம்பித்தாள்.