வாயுள்ள பெண்

தன் அப்பா ஓர் அற்பர் என்று லாவண்யா முடிவு கட்டியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. நகைக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்த மாணிக்கவாசகம், தி.நகரில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தின் சங்கச் செயலாளரானார். பதவிக்கு வந்த முதல் வாரமே லிஃப்ட் அருகில் ஒரு தாளை ஒட்டினார்: ‘வேலையாட்கள் படிக்கட்டை மட்டும் பயன்படுத்தவும்.’ கீழே, பெரிய அதிகாரி மாதிரி, பச்சை மையில் கையெழுத்து.

லாவண்யா அதைப் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். ‘இந்தக் காலத்திலும் இப்படிச் சில ஜென்மங்கள்’ என்று எழுதினாள். கையெழுத்தை மட்டும் வெட்டிவிட்டாள். நானூறு பேர் பாராட்டினார்கள். அன்று மதியம் அந்த ஜென்மம் வாங்கிவந்த பிரியாணியை இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள்.

நான்காவது மாடியில் அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் ஷம்ஷாத். முழங்கால் தேய்ந்துபோய், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கித்தான் படியேறுவார். ஒரு திங்கட்கிழமை காலை, ஜிம்மிலிருந்து திரும்பிய லாவண்யா அவரை லிஃப்டுக்குள் கூப்பிட்டாள்.

“வேணாம்மா. உங்க நைனா பாத்தா கத்துவாரு.”

“அவர் கெடக்கார். நான் இருக்கேன்ல, வாங்கக்கா.”

மேலே கதவு திறந்தபோது எதிரே மாணிக்கவாசகம் நின்றிருந்தார். மகள் அங்கே இல்லாதது போல, ஷம்ஷாத்தை மட்டும் பார்த்தார்.

“யாரைக் கேட்டு ஏறுன?”

ஷம்ஷாத் லாவண்யாவைத் திரும்பிப் பார்த்தார். லாவண்யா கைப்பேசியைப் பார்த்தாள். திரையில் ஒன்றுமில்லை, ஆனாலும் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

“முட்டி வலி சார். நானாத்தான் ஏறிக்கினேன்.”

“கீழ எறங்கி, படியில ஏறி வா.”

நாலு மாடி இறங்கி நாலு மாடி ஏறிவர அவருக்குக் கால் மணி நேரமானது. அதுவரை அப்பா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மகளோ குளியலறையில் தாழிட்டுக்கொண்டு அவரைத் திட்டித் தீர்த்தாள், வாய்க்குள்ளேயே.

பிறகு அடுக்களைக்குப் போய், “ஸாரிக்கா” என்றாள். ஷம்ஷாத் குழாயை நிறுத்தவில்லை.

“ஸாரி இன்னாத்துக்கு? உங்க நைனா மூஞ்சிக்கு நேரா சொல்றாரு, உஷாரா இருந்துக்கலாம். உன்னாண்டதான் பயமா கீது. இனிமே என்னை லிஃப்ட்டாண்ட கூப்புடாத.”

அந்த மாதமே அவர் வேலையை விட்டு நின்றார். அப்பாவைத் திட்ட லாவண்யாவுக்கு எப்போதும் வார்த்தைப் பஞ்சமில்லை. தன்னைத் திட்டத்தான் அவளிடம் ஒன்றும் அகப்படவில்லை. அப்பாவாவது தன் கேவலத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

“அந்த நோட்டீஸை எடுக்கணும். அன்னைக்கு ஷம்ஷாத் அக்காவை லிஃப்ட்ல ஏத்தினது நான்தான். அப்பா கேட்டப்ப வாயை மூடிட்டு நின்னதும் நான்தான்.”

மூன்றாம் மாடி குருபிரசாத் சிரித்தார். “பாப்பா நல்லா பேசுது. வீட்டுக்கு ஒரு ஓட்டுதான், அது உங்கப்பாவோடது.”

“உக்காரு” என்றார் மாணிக்கவாசகம். அவள் உட்காரவில்லை. ஒரு கையும் உயரவில்லை. தாள் அங்கேயே இருந்தது. தேநீரும் சமோசாவும் வந்தன.

சில வாரம் கழித்து ரங்கநாதன் தெருவில் ஷம்ஷாத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் பேசியதைச் சொல்ல நாக்கு துடித்தது. விழுங்கிக்கொண்டாள்.

“முட்டி எப்படிக்கா இருக்கு?”

“இப்போ கீழ் வூட்ல வேலை, படி ஏற வேணாம். பரவால்ல” என்றவர், பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, நிற்காமல் நெரிசலுக்குள் நடந்தார்.