கல்கத்தாவில் ஒரு பல்லாவரம் சந்தை

சிறுசேரியில் மகள் வீட்டில் இருந்தபோது கைபேசி அடித்தது. திரையில் வசந்தாவின் பெயர். "என்னடி, காலங்காத்தால?" என்றேன். பேசியது அவள் கணவர் ராமநாதன் சார். "டீச்சர், வசந்தா தூக்கத்துலயே போய்ட்டா. யார் யாருக்குச் சொல்லணும்னு எனக்குத் தெரியல. நீங்கதான் எல்லாருக்கும் சொல்லணும்." அதைத்தான் பழைய மாணவர்களான உங்களிடம் இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தாம்பரத்தில் எங்கள் பள்ளியில் படித்த உங்களுக்கு அவள் அறிவியல் எடுத்த வசந்தா டீச்சர். எனக்கு, ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி.

கண் பாடம் வந்தால் அவள் வகுப்பிலிருந்து ஒரு கூச்சல் கேட்கும். உங்களில் பலர் அந்தக் கூச்சலில் இருந்திருப்பீர்கள். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வலது கண்ணில் வைக்க வேண்டும். இடது உள்ளங்கையை விரித்துக் குழலை ஒட்டினாற்போல் இடது கண்ணுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். இரண்டு கண்களையும் திறந்து பார்த்தால் உள்ளங்கையில் ஓட்டை விழுந்திருக்கும். "டீச்சர், என் கையில ஓட்டை!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். "ஒரு கண்ணு ஓட்டையப் பாக்குது, இன்னொரு கண்ணு கையப் பாக்குது. ரெண்டுமே பொய் சொல்லல. மூளைதான் ரெண்டையும் சேத்துத் தெச்சிடுது" என்பாள். பிறகு இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவரைப் படிக்கச் சொல்லி மற்றவரை அவர் கண்களைக் கவனிக்கச் சொல்வாள். படிக்கிற கண்கள் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தத்தித் தத்திப் போகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் குதித்து, ஒரே எழுத்தில் இறங்குகின்றன. "சேந்து எறங்கலைன்னா என்னாகும் டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாளாம். "வரி ரெண்டாத் தெரியும். அப்பறம் படிச்ச மாதிரிதான்" என்று சிரித்துவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னாள்.

ராமநாதன் சாருக்குக் கண் அழுத்த நோயில் பார்வை முழுவதும் போனது நாங்கள் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு. புத்தகப் பைத்தியமான மனிதர். அன்றிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் மாலைக் காப்பிக்குப் பிறகு வசந்தா உரக்கப் படிப்பாள், அவர் கேட்பார். நாவல், செய்தித்தாள், துணிக்கடை விளம்பரம்கூட. "ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு கண்ணு போதும்" என்பாள்.

சென்ற ஆண்டு ஒரு மாலை நான் போனபோதும் படித்துக்கொண்டிருந்தாள். கல்கத்தாவில் நடக்கும் தடித்த நாவல். நானும் படித்ததுதான். நாயகி டிராமுக்குக் காத்திருக்கிற இடம் என்று நினைத்து உட்கார்ந்தேன். வசந்தா படித்ததில் நாயகியோ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் வசந்தாவைப் பார்த்தேன். அவள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. நான் இருந்த நேரம் முழுவதும் பக்கமும் திரும்பவில்லை. ராமநாதன் சார் முகத்தைச் சற்றுச் சாய்த்து ஆழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சமையலறையில் வைத்துக் கேட்டேன். "கல்கத்தாவுல ஏதுடி பல்லாவரம் சந்தை?"

"கத்தாதே, அவர் காதுல விழும்." குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னாள். "கொஞ்ச நாளாவே எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. வரி மேல வரி ஏறி உக்காந்துக்குது. நீயே இப்ப ரெண்டு பேரா நிக்கிற. ஒருத்தியையே தாங்க முடியல."

"ஒரு கண்ண மூடிப் பாரேன்."

"எனக்கே பாடமா? மூடினா ஒண்ணாத்தான் தெரியுது. அப்படியே எவ்வளவு நேரம்டி படிக்க முடியும்? அரைப் பக்கத்துல தலைய வலிக்குது."

"டாக்டர்கிட்ட போனியா?"

முகத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "அவருக்கும் இப்படி ஒரு நாள் போய்த்தானே தெரிஞ்சுது லலிதா. எனக்கும் அதேன்னு சொல்லிட்டா? ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது கண்ணு தெரியணும்ல" என்றாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வசந்தா அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் கண் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அழுத கண்ணோடு வருவாள் என்று நினைத்தேன். தெருமுனை ஆட்டோக்காரரைப் பார்த்ததுமே அவளுக்குக் குறும்பு வந்துவிட்டது. ஒரு கண்ணைக் கையால் பொத்தியிருந்தவளிடம், "இன்னா டீச்சர், கண்ணுல தூசா?" என்றார் அவர்.

"இல்லப்பா. உன் ஆட்டோ ரெண்டாத் தெரியுது. எதுல ஏறட்டும்?"

"எதுல ஏறுனாலும் ஒரே ரேட்டுதான் டீச்சர். குந்து."

ராமநாதன் சாருக்கு வந்த நோய் இல்லை. சர்க்கரையால், இடது கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற நரம்பு தளர்ந்திருந்தது. இரண்டு கண்ணும் நன்றாகவே பார்த்தன, சேர்ந்து திரும்பத்தான் இல்லை. கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான டேப்பை ஒட்டி, சில மாதங்கள் பொறுக்கச் சொன்னார் மருத்துவர். டேப் போட்ட கண்ணாடியோடு அன்று மாலையே நாவலை எடுத்துவிட்டாள். நிஜமாக விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். மெல்ல மெல்லக் கண் நேரானது, டேப் போனது. "நல்லவேளைடி, அவர் கண்டுபிடிக்கல" என்று என்னிடம் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு ஒரு மாலை போனேன். ராமநாதன் சார் அதே நாற்காலியில் இருந்தார். எதிர் நாற்காலியில் அவள் கண்ணாடி மடித்து வைத்திருந்தது. டேப்பின் பசை ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"இத நீங்க எடுத்துக்கோங்க டீச்சர். நான் வச்சுக்கிட்டு என்ன பண்றது" என்றார். பிறகு, "அவளுக்குக் கண்ணு ரெண்டாத் தெரிஞ்சப்போ கதைய அவளே கட்டி விட்டா, தெரியுமா?" என்றார்.

நான் கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். "உங்களுக்கு எப்படி சார்…"

"பக்கம் திருப்புற சத்தமே வரல. அதோட கல்கத்தாக்காரி திடீர்னு தாம்பரம் பாஷை பேசறா. அன்னைக்கு சமையலறையில நீங்க பேசினதும் குழாய் சத்தத்தத் தாண்டிக் கேட்டுது." சிரித்தார். சிரித்த முகத்திலேயே கண்ணீர் வழிந்தது. "ஏன் சொல்லலன்னு கேக்கறீங்களா? சொன்னா படிக்கறத நிறுத்திடுவா. கண்ணு போயிடுமோன்னு அவ பயந்துக்கிட்டிருந்தா. அவ பயப்படறது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இன்னும் பயப்படுவா. அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதை வசந்தாவிடம் சொல்ல வழியில்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தக் கல்கத்தா நாவலை இருவரும் மறுபடி படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், கால்வாசி மிச்சம் இருந்தது. "படிக்கட்டுமா சார்?" என்றேன். "மொதல்லேர்ந்து படிங்களேன்" என்றார். இப்போது வாரத்தில் சில மாலைகள் போய்ப் படிக்கிறேன். வசந்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கண்ணாடியும் இந்த நாற்காலியும்தான்.

போன வாரம் நாயகி டிராமுக்குக் காத்திருக்கும் இடம் வந்தது. "இங்கதான் வசந்தா அவள சந்தைக்குக் கூட்டிட்டுப் போனா" என்றார் மெதுவாக. நான் புத்தகத்தை மடியில் வைத்தேன். நானும் நாயகியைப் பல்லாவரத்துக்கு அழைத்துப் போய், நுனி ஒடித்துப் பார்த்து வெண்டைக்காய் வாங்கிக் கொடுத்து, பேரம் முடியும் வரை காத்திருந்து, பிறகுதான் டிராமில் ஏற்றினேன்.