ஒரு கரண்டி மொச்சை

காஞ்சிபுரம் உழவர் சந்தையில் பெரியநாயகியிடம் காய் வாங்கப் போய், கூடவே நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. வெண்டைக்காய் நுனியை யாராவது ஒடித்துப் பார்த்துவிட்டால் போதும். "ஒடச்சத நீயே எட்த்துகினு போமா. உன் பல்ல ஒடச்சிப் பாத்துட்டா உன்னப் பொண்ணு கேட்டு வந்தாங்க?" என்பாள். நான் பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவள். என் வாயும் லேசுப்பட்டதல்ல. சண்டையில்தான் எங்கள் சிநேகம் தொடங்கியது. அதற்குப் பிறகு வேறு யாரிடமும் எனக்குக் காய் வாங்கப் பிடிக்கவில்லை.

மாகறல் பக்கத்தில் அவளுக்கும் அவள் வீட்டுக்காரர் தணிகாசலத்துக்கும் கொஞ்சம் நிலம். விடியுமுன் பறித்த காய்களை மொபெட்டில் கட்டி, மூட்டைக்குப் பின்னால் அவளையும் உட்கார வைத்துக்கொண்டு வருவார். இறக்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, கொல்லை வேலைக்குத் திரும்பிவிடுவார். அவள் பேசுவதற்கும் சேர்த்து அவர் பேசாமல் இருந்தார்.

அவளுக்கு எதிரே எப்போதும் இரண்டு குவியல் இருக்கும். ஒன்று கூடையில், விற்க. இன்னொன்று பக்கத்தில் விரித்த பழைய துண்டில்: புழு அரித்தது, முற்றியது, வளைந்தது. நம்மோடு வம்பளந்துகொண்டே அவள் கை தானாகப் பிரித்துப் போடும். குனிந்துகூடப் பார்க்க மாட்டாள். துண்டில் சேர்வதுதான் அவர்கள் வீட்டுக் குழம்புக்கு.

"பயிர் வச்சவங்க சொத்தையத் துன்றீங்க, நாங்க இளசா பாத்து அள்ளிகினு போறோம். நல்லாருக்குதா இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க வூட்ல அப்டித்தாங்க்கா. நல்லது சந்தைக்கு, மிச்சம் வூட்டுக்கு. எங்க மாமியா காலத்துலேர்ந்து இதான்."

நடைப்பயிற்சி முடித்த கையோடு சந்தைக்கு வந்து, "ஃப்ரெஷ்ஷா இருக்கா, மருந்து அடிச்சதா?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் அன்றிலிருந்து எனக்கு எரிச்சல் வரும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான், அது வேறு விஷயம்.

மார்கழி பிறந்தால் அவள் கடையில் பச்சை மொச்சை வந்துவிடும். இளம் மொச்சையை உரித்து, ஊறவைத்து, இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் தோல் கழன்று பருப்பு வெளியே துள்ளும். பிதுக்கம்பருப்பு என்போம். கத்தரிக்காயும் தேங்காயும் சேர்த்து அதில் குழம்பு வைத்தால், எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கொதிப்பது பத்து வீட்டுக்குத் தெரியும். பொங்கல் வரைக்கும்தான் அதற்கு மவுசு. பிறகு காய் முற்றிவிடும்.

போன வருஷம் பொங்கலுக்கு முன்பு ஒருநாள், டீ குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டிய தணிகாசலம் நின்றார்.

"மொத பறிப்புல ஒரு படி நம்ம வூட்டுக்கு எட்த்து வைமே. ஒரு வாட்டியாவது இளசுல துன்னு பாக்கலாம்."

அவர் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. பெரியநாயகி சிரித்தாள். "ராஜா வூட்டுப் புள்ளைக்கு நாக்கு கேக்குது பாருங்க்கா! அடுத்த வருசம் பாக்கலாம் போய்யா." அவரும் சிரித்துக்கொண்டுதான் போனார்.

ஆடியில் அவருக்குக் கால் வீங்கியது. கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே நர்ஸ் சொல்லி அனுப்பியதைப் பெரியநாயகி என்னிடம் ஒப்பித்தாள். கீரை ஆகாது. தக்காளி ஆகாது. பருப்பு, மொச்சை, முருங்கைக்காய், இளநீர் ஆகாது. மற்ற காயையும் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

"எங்க கொல்லைல வெளையறதுல பாதி அவருக்கு வெஷம்னுட்டாங்கக்கா," என்றாள். அன்று யார் வெண்டைக்காயை ஒடித்தாலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மார்கழியில் முதல் பறிப்பு வந்தது. வயலுக்குப் போக முடியாத தணிகாசலம் வீட்டில் உட்கார்ந்து, சந்தைக்கு வேண்டிய பருப்பையெல்லாம் பிதுக்கிக் கொடுத்தார். பறிக்க வந்த அவள் தம்பி வெங்கடேசனுக்காக அதில் கொஞ்சம் எடுத்து அவள் குழம்பு வைத்திருக்கிறாள். வாசனை வந்ததும் அவர் கேட்டாராம்.

"ஒரே ஒரு கரண்டி குடு. மேல கேக்க மாட்டேன்."

"தை பொறக்கட்டும்யா. ஒடம்பு தேறட்டும், அண்டாவுலயே வச்சித் தரேன்," என்று சொல்லிவிட்டு, குழம்புச் சட்டியைத் தம்பியிடம் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன் அக்கா, பொழைக்கணுமே என்றுதான் சொன்னேன் என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ செய்ததுதான் சரி என்றேன். வேறென்ன சொல்வது? அப்போது எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

தை பிறப்பதற்குள் அவர் போய்விட்டார்.

கடை காலியாகக் கிடந்தது. அவள் ஊர்க்காரியும் பக்கத்துக் கடைக்காரியுமான மரியம்மாள்தான் அவள் சரக்கையும் எடுத்து வந்து விற்றாள். சாவு விழுந்த வீடென்று மொச்சைக்குத் தெரியுமா? பிந்தி விதைத்த பாத்தி அந்த வாரம்தான் முதல் பறிப்புக்கு வந்திருந்தது. காரியத்தன்று காலை அந்தக் கூடையிலிருந்து கடைசி ஒரு கிலோவை மரியம்மாள் எனக்கு நிறுத்துப் போட்டாள்.

பையைச் சைக்கிளில் மாட்டும்போது ஷேர் ஆட்டோவிலிருந்து பெரியநாயகி இறங்கி ஓடி வந்தாள். தலைவிரி கோலம், காலில் செருப்பில்லை. சந்தையே திரும்பிப் பார்த்தது.

"அடிப்பாவி! காரியத்தன்னிக்கு வாசப்படி தாண்டி வந்துக்கிறியே!" என்று மரியம்மாள் எழுந்தாள்.

"எம் மொச்ச எங்க மரியா?"

"வித்துப்போச்சேமா. எதுக்கு?"

அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாள் தம்பி பறித்து வந்து முன்னால் கொட்டினானாம். அழுதுகொண்டே உட்கார்ந்து பிரித்தாளாம். படையலுக்கு அவருக்குப் பிடித்த பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்க வேண்டும் என்று மனசு முழுக்க அதே நினைப்பு. காலையில் அடுப்பை மூட்டிவிட்டு, வீட்டுக்கென்று முடிந்து வைத்த துண்டைப் பிரித்தால் உள்ளே எல்லாம் சொத்தை. நல்லதையெல்லாம் கை வழக்கம்போல் சந்தைக் கூடையில் போட்டிருக்கிறது.

"செத்தப்புறமும் சொத்தையே எட்த்து வச்சிக்கிறேன்க்கா அவருக்கு. இந்தக் கைய இன்னா பண்ண?" என்று கையைத் தரையில் அடித்தாள்.

பையைக் கழற்றி அவள் மடியில் வைத்தேன். "மொத்தமும் எட்த்துக்கோ. எல்லாம் உன்னுதுதான். நல்லா எளசா இருக்குது."

அவள் பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். ஒரு பிடி காயை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, பையை என்னிடமே நீட்டினாள்.

"இன்னாமா இது, எல்லாத்தையும் கொண்டு போ," என்றேன்.

"போதும்க்கா," என்றாள். "அவுரு ஒரு கரண்டிதானே கேட்டாரு."