செல்களுக்குக் காவல் படுத்தவர்

மூச்சை அடக்கிக்கொண்டு தெய்வயானை கோடு கிழிக்கிறார். கண்ணாடித் தட்டின் அடியில் தோல் செல்கள் இடைவெளியில்லாமல் படர்ந்திருக்கின்றன. நடுவே பிளாஸ்டிக் முனையால் ஒரே இழுப்பு. வெற்றுப் பாதை விழுகிறது. அதுதான் காயம். இரு கரைச் செல்களும் நடந்து வந்து அதை மூட வேண்டும். "நடங்கப்பா, நல்ல பிள்ளைகள்ல," என்று தட்டிடம் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

தேவகோட்டைக்காரர், வயது நாற்பத்து நான்கு. வியட்நாமின் தூ டுக்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷ ஒப்பந்தம். காலைச் சாப்பாடு தெருமுனை ஃபோ. அந்த நூடுல்ஸ் சூப்பில், கைப்பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்துக் கிள்ளிப் போடுவார். கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "இது இல்லாட்டி அது வெந்நீருங்கிறேன்!"

என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால், எழுந்து நடந்தே காட்டுவார். "முன்னங்கால் தரையில ஒட்டணும், பின்னங்கால் விடணும். ரெண்டும் ஒட்டுனா நட்டு வச்ச கம்பம். ரெண்டும் விட்டா வழுக்கி விழுந்தாச்சு. செல்லும் அப்படித்தான். எப்ப ஒட்டு, எப்ப விடுன்னு மேஸ்திரி மாதிரி அதட்டிக்கிட்டே ஒரு புரதம் இருக்கு. அதைத்தான் நான் பிடிச்சிருக்கேன்."

அந்த மேஸ்திரியை எடுத்துவிட்டால் செல்கள் பின்னங்காலைத் தூக்க முடியாமல் நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்று கட்டுரை எழுதி அனுப்பியிருந்தார். இதழிலிருந்து திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: புரதத்தைத் திரும்பக் கொடுத்தால் நடக்கின்றனவா? படம் பிடித்துக் காட்டு. வெள்ளிக்கிழமை கெடு. கட்டுரை ஏறினால் ஒப்பந்தம் நீளும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இந்த ஊரில் மதியத் தூக்கமும் வேலையில் சேர்த்தி. பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்து, பேராசிரியை லான் உட்பட எல்லோரும் மேசைக்கடியில் பாய் விரித்துவிடுவார்கள். முதல் வருஷம் தெய்வயானைக்கு அது பொறுக்கவில்லை. "ஆஸ்பத்திரி வார்டா இது?" இரண்டாம் வருஷம் அவரும் பாய் வாங்கினார். இப்போதெல்லாம் பதினொன்றே முக்காலுக்கே முதல் கொட்டாவி அவருடையதுதான்.

வியாழக்கிழமை, புரதத்தைத் திரும்பக் கொடுத்த செல்களின் படப்பிடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. காயத்தின் ஒரு கரையைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மைக்ராஸ்கோப் தானாகவே படம் எடுக்கும். இருட்டில் யாராவது மேசையை இடித்துவிட்டால்? அதன் அடியிலேயே பாயைப் போட்டுவிட்டார்.

"நானே காவல் இருக்கேன்."

அங்கே கருவிகளைப் பழுது பார்க்கும் காரைக்கால் முத்தையா விடவில்லை. "ஆச்சி, உட்கார்ந்து தூங்குற காவல்காரரைப் பார்த்திருக்கேன். பாயோட வந்தவரை இப்பத்தான் பார்க்கிறேன்."

"உனக்கென்ன தெரியும்? படுத்தாத்தான் எந்தக் கால் வந்தாலும் கண்ணுல படும்."

பத்து நிமிஷத்தில் குறட்டை.

மாலை எல்லோரும் திரை முன்னால் கூடினார்கள். காலை முழுக்கச் சோம்பிக் கிடந்த செல்கள், பன்னிரண்டரைக்கு மேல் வரிசையாகக் கிளம்பி வெற்றுப் பாதையைப் பார்த்து நடந்தன. லான் கை தட்டினார். "இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். இனி உங்களை யார் விடப்போகிறார்கள்?" மாணவிகள் அவரைக் கட்டிக்கொண்டார்கள். "ஊர்வலமால்ல போகுது, ஆச்சி!" என்றான் முத்தையா.

தெய்வயானை சிரிக்கவில்லை.

"மறுபடி ஓட்டு."

ஓட்டினான்.

"இன்னொரு தடவை." இந்த முறை எழுந்துபோய், வெற்றுப் பாதையில் கிடந்த கரும்புள்ளி ஒன்றின்மேல் விரலை வைத்தார். தூசி. செல்கள் கிளம்பின. விரலுக்கடியிலிருந்து தூசியும் கிளம்பியது. அதே நேரம், அதே திசை, அதே நடை.

"தூசிக்கு எந்தப் புரதம் கொடுத்தீங்க?" என்று தொடங்கிய முத்தையா, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். செல்கள் ஓரடியும் நடக்கவில்லை. தட்டுத்தான் மயிரிழை நகர்ந்திருக்கிறது.

"மேசையை இடித்தது யார்?" என்றார் லான். எல்லோரும் முத்தையாவைப் பார்த்தார்கள்.

தெய்வயானை திரையிலிருந்து விரலை எடுத்தார். குனிந்து, சுடிதாரின் காலைச் சற்றே தூக்கி, முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிருந்த இடத்தின் மேல் அதே விரலை வைத்தார்.